ரிச்சி தெருவில் காற்று வாங்குவது

குறைந்த விலையில், உள்ளே காற்று நன்றாக ஓடுகிற கணினிக் கேபினெட் தேடுவோருக்குச் சென்னையில் பழகிய தடம் ஒன்று உண்டு: அண்ணா சாலை, நரசிங்கபுரம் தெரு, ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையம் 2019 பிப்ரவரியில் திறந்த பிறகு இந்தப் பயணம் சுலபமாகிவிட்டது. குளிரூட்டிய நிலையத்திலிருந்து படியேறி வெளியே வந்ததும் அனல் முகத்தில் அறையும். வாங்கப்போகும் பெட்டி எந்தக் காற்றை இழுத்து வேலை செய்யப்போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. சனிக்கிழமை மாலை நடக்கவே இடமிருக்காது. வார நாளில் காலை பதினொரு மணிவாக்கில் போவது உத்தமம். அப்போதுதான் கடைக்காரருக்குப் பேச நேரமிருக்கும், அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காட்டவும் சலித்துக்கொள்ள மாட்டார்.

தெருவின் அகலம் குறைவு. இருபுறமும் இருசக்கர வாகனங்கள், நடுவில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிய மூன்று சக்கர வண்டி, தலைக்கு மேலே பின்னிக் கிடக்கும் கம்பிகள். ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கி டேப் ரெக்கார்டர், தொலைக்காட்சி, கணினி, கண்காணிப்புக் கேமரா என்று காலத்துக்கேற்பச் சரக்கை மாற்றிக்கொண்டே வந்த சந்தை இது. ரிச்சி தெருவில் தரைத்தளக் கடைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவோர் பாதியைத்தான் பார்க்கிறார்கள். குறுகலான மாடிப்படிகளில் ஏறினால், பத்தடிக்குப் பத்தடி அறையில் கூரைவரை கேபினெட் அடுக்கிய கடைகள் வரும். கேபினெட்டுக்கு அந்த மாடிக்கடைகள்தான் சரி.

ப்ராசஸரோ கிராஃபிக்ஸ் கார்டோ சென்னையில் வாங்கினாலும் ஸ்டாக்ஹோமில் வாங்கினாலும் ஒரே வேகந்தான். கேபினெட் அப்படியல்ல. அது அறையின் காற்றை உள்ளே இழுத்து, சூடேற்றி, வெளியே தள்ளும் பெட்டி. அறை வெப்பம் ஏறினால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். வெளிநாட்டு மதிப்புரைகள் பலவும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய அறையில் அளந்து எழுதப்படுபவை. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத சென்னை அறையில் 34, 35 டிகிரி சாதாரணம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. ஆகவே மதிப்புரையில் 70 டிகிரி என்று போட்டிருந்தால், மே மாதத்தில் இங்கே 85 என்று வைத்துக்கொள்வதே சரியான கணக்கு.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் வரை இழுக்கும். கோர் ஐ5 12400எஃப் ப்ராசஸரின் உச்ச வரம்பு 117 வாட். மற்றவற்றையும் சேர்த்தால் 300 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். இழுத்த மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். மணிக்கு 85 கன மீட்டர் காற்று பெட்டி வழியாக ஓடினால், வெளியேறும் காற்று உள்ளே வந்த காற்றைவிட ஏறத்தாழ 11 டிகிரி சூடாக இருக்கும். ஓட்டம் பாதியானால் 22 டிகிரி. அறைக்காற்று 35 டிகிரி என்றால் பெட்டிக்குள்ளேயே 57 டிகிரி. அந்தக் காற்றை வைத்துக்கொண்டு ப்ராசஸர் கூலர் என்ன செய்யும்? மணிக்கு 85 கன மீட்டர் என்பது ஒரு நல்ல 120 மி.மீ. ஃபேன் அட்டையில் போட்டிருக்கும் அளவு. ஆனால் அது தடையே இல்லாமல் சுற்றும்போது அளந்தது. முன்னால் வலையும் வடிகட்டியும் பின்னால் கம்பிக்கூட்டமும் வந்தவுடன் அது வெகுவாகக் குறைந்துவிடும். காற்று வரும் வழியைப் பார்க்காமல் ஃபேனை எண்ணி வாங்குவதில் பயனில்லை.

கடைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி எங்கேயும் ஒன்றே: "சார், எவ்வளவு ரேஞ்சுல பாக்கறீங்க?" ரேஞ்சைச் சொல்வதற்கு முன் எந்த ப்ராசஸர், எந்த கார்டு என்று சொல்லிவிடுவது நல்லது. ரேஞ்சை மட்டும் சொன்னால், அந்த விலையில் எது அதிகம் மினுக்குகிறதோ அது மேசைக்கு வந்துவிடும்.

கீழ்த்தட்டில் இருப்பவை இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் அலுவலகக் கேபினெட்டுகள். பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக் முகப்பு, பக்கவாட்டில் சில துளைகள், பின்னால் 80 மி.மீ. ஃபேன் மாட்ட இடம், கூடவே மின்சாரம் வழங்கும் ஒரு எஸ்எம்பிஎஸ். பில் போடவும் டைப் அடிக்கவும் இது போதும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினி 50, 60 வாட்டுக்கு மேல் அரிதாகவே போகும் என்பதால் இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கார்டு போடுகிறவர் இதைத் தாண்டிப் போய்விட வேண்டும். கேபினெட்டோடு இனாமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஒட்டியிருப்பதை நம்பி கார்டு மாட்டுவது, கேபினெட் விஷயத்தில் செய்யக்கூடிய எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது. எஸ்எம்பிஎஸ் தனியாக, நல்ல கம்பெனியாக, தனி பில்லோடு வாங்க வேண்டியது.

அடுத்த தட்டில், மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய்வரை, கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்கும் கொண்ட 'கேமிங்' கேபினெட்டுகள் வரிசை கட்டி நிற்கும். நல்லதும் மோசமும் ஒரே விலையில், ஒரே அலமாரியில், தோளோடு தோள் உரசி நிற்பது இங்கேதான்.

முகப்பிலிருந்து தொடங்க வேண்டும். சில பெட்டிகளுக்கு முன்புறம் முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னே மூன்று ஃபேன் விளக்கோடு சுற்றும். காற்று நுழைய ஓரத்தில் விரல் அகல இடுக்கு மட்டும். கடையில் விளக்குப் போட்டுக் காட்டும்போது கண்ணைப் பறிக்கும். அந்த மூன்று ஃபேனும் கண்ணாடிக்குப் பின்னால் சிக்கிய அதே காற்றைத்தான் சுழற்றிக்கொண்டிருக்கும். உலகம் முழுக்கவே பத்தாண்டுக்கு முன் இந்த மூடிய முகப்பு மோகம் ஓங்கியிருந்தது. பிறகு தயாரிப்பாளர்களே இறங்கிவந்தார்கள். ஃபேன்டெக்ஸ் நிறுவனம் பி400 என்ற மூடிய முகப்புப் பெட்டியைக் கொஞ்சம் மாற்றி, முன்புறம் வலைத்தகடு வைத்து, 2019இல் பி400ஏ என்று விற்றது. பெட்டியின் அடிப்படை அதேதான். முகப்பு மாறியதும் மதிப்புரையாளர்களிடம் அதன் பெயரே மாறிவிட்டது.

வலைமுகப்பு என்றாலும் சோதிக்காமல் விடக்கூடாது. "அண்ணே, முன்கவரைக் கழட்டிக் காட்டுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கழற்றிய முகப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். மறுபுறம் டியூப்லைட் தெளிவாகத் தெரிந்தால் காற்றும் போகும். சிலவற்றில் வெளியே தாராளமான துளைகள் இருக்கும், உட்புறம் தடித்த ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இன்னும் சிலவற்றில் வலை வெறும் அலங்காரம். பின்னால் பிளாஸ்டிக் தகடு அடைத்திருக்கும். கையிலிருக்கும் போன் டார்ச் இதைச் சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும்.

உட்புறத்தில் பார்க்க வேண்டியது முன்னிருந்து பின்னுக்குக் காற்று போகும் நேர்வழி. வாசலில் நின்றால் கொல்லைப்புறம் தெரியும் பழைய வீட்டில் காற்று எப்படி ஓடுமோ, கேபினெட்டிலும் அப்படித்தான். முன் ஃபேனுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நடுவே பழைய பாணி ஹார்டு டிஸ்க் கூண்டு நின்றால் வழி அடைபடும். இப்போது பலரும் எம்.2 எஸ்எஸ்டியோடு நிறுத்திவிடுவதால், கழற்றக்கூடிய கூண்டாக இருப்பது வசதி. எஸ்எம்பிஎஸ் கீழே மூடிய அறைக்குள் உட்காரும் அமைப்பு இன்று பொதுவாகிவிட்டது. அது கீழிருந்து தனக்குத் தேவையான காற்றைத் தானே இழுத்துப் பின்னால் விட்டுவிடும். அதற்கு அடிப்பக்கம் துளையும் வடிகட்டியும் வேண்டும், பெட்டியின் கால்களுக்கு ஓரிரு சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். கால் குட்டையான பெட்டியைப் பாய்மீதோ விரிப்பின்மீதோ வைத்தால் எஸ்எம்பிஎஸ் மூச்சுத் திணறும்.

பிறகு அளவு நாடா. கடைக்காரரின் "எல்லாம் செட் ஆகும் சார்" என்ற வாக்கைவிட மூன்று எண்கள் நம்பகமானவை. முதலாவது மதர்போர்டு அளவு: ஏடிஎக்ஸ் 305க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. இன்டெல் 1995இல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவே இன்றும் நடைமுறையில் இருப்பதால், நல்ல பெட்டி ஒன்று மூன்று கணினிகளுக்குக்கூட உழைக்கும். இரண்டாவது, கூலர் உயரம்: 120 மி.மீ. ஃபேன் கொண்ட டவர் கூலர்கள் பெரும்பாலும் 150இலிருந்து 160 மி.மீ. உயரம். டீப்கூல் ஏகே400க்கு 155, கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212க்கு 159. பெட்டியில் 160 மி.மீ. இடமில்லாவிட்டால் கண்ணாடி மூடாது. மூன்றாவது, கார்டின் நீளம். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு: பெட்டி அட்டையில் போட்டிருக்கும் நீளம் முன்னால் தண்ணீர் கூலரின் ரேடியேட்டர் இல்லாதபோது உள்ளது. வழக்கமான ரேடியேட்டர் 27 மி.மீ., அதன் ஃபேன் 25 மி.மீ.; ஆக ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும்.

தகட்டின் கனத்தையும் விரலால் தட்டிப் பார்த்துவிடலாம். மலிவுப் பெட்டிகளில் தகடு அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். பக்கத்தகட்டை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் வளையும். வெப்பத்துக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. மெல்லிய தகடு ஃபேன் அதிர்வில் இரையும், அவ்வளவே.

ஃபேன் எத்தனை என்பதில்தான் தெருவில் அதிகம் பேச்சு நடக்கும். "நாலு ஃபேன் ஃப்ரீ சார்" என்பது கேட்பதற்கு நன்றாக இருக்கும்; பின்பக்கத் தகட்டைக் கழற்றி ஒயர்களைப் பார்த்தால்தான் விவரம் புரியும். மோலெக்ஸ் எனப்படும் பெரிய வெள்ளை இணைப்பு மட்டும் இருந்தால் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் சுற்றும், குறைக்க வழியில்லை. மூன்று துளை இணைப்பை மதர்போர்டில் மாட்டினால் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். நான்கு துளை என்றால் பிடபிள்யூஎம் முறை; கட்டுப்பாடு இன்னும் துல்லியம். வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஏன் முக்கியம் என்றால், காற்றின் அளவு வேகத்துக்கு நேர்விகிதத்தில் குறைய, சத்தம் அதைவிட மிக விரைவாகக் குறைகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபெல் இறங்கும். மெதுவாகச் சுற்றும் மூன்று ஃபேன், அலறிச் சுற்றும் ஒன்றைவிட மேல் என்பதற்குக் காரணம் இதுவே.

விளக்கு ஒயரில் ஓர் ஆபத்து உண்டு. ஏஆர்ஜிபி என்பது 5 வோல்ட், மூன்று ஊசி. பழைய ஆர்ஜிபி 12 வோல்ட், நான்கு ஊசி. முன்னதைப் பின்னதில் திணித்தால் விளக்குகள் அந்த நொடியே போய்விடும். அசெம்பிள் செய்துதரும் பையன் அவசரத்தில் இருந்தால் பக்கத்தில் நின்று பார்ப்பதில் தப்பில்லை.

எண்ணிக்கைக்கு ஒரு நியாயமான வரம்பு உண்டு. முன்னால் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள: பயனில் பெரும்பகுதி இந்த மூன்றிலேயே கிடைத்துவிடும். நான்காவது, ஐந்தாவது ஃபேன்கள் ஓரிரு டிகிரியைக் குறைக்கும், சத்தத்தைக் கூட்டும். மேல்தட்டின் முன்பகுதியில் வெளியே தள்ளும் ஃபேன் மாட்டுவது பல நேரம் வீண்வேலை. முன்னிருந்து வந்த குளிர்ந்த காற்று கூலரைத் தொடும் முன்பே அது மேலே உறிஞ்சிவிடும். கிராஃபிக்ஸ் கார்டு சூடாவதுதான் கவலை என்றால், முன் ஃபேன்களைக் கீழே இறக்கி, கார்டுக்கு நேரே வைப்பது செலவில்லாத வைத்தியம்.

தூசிக்கும் ஃபேன் கணக்குக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், எல்லாக் காற்றும் வடிகட்டி வழியாகவே வரும். வெளியே தள்ளுவது கூடினால், பெட்டி ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் தூசியை இழுக்கும். சாலையோர வீட்டிலோ கடற்கரைப் பக்கமோ இருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. உப்புக்காற்றின் ஈரத்தோடு தூசி சேர்ந்தால் கூலரின் தகடுகளுக்கிடையே அப்பிக்கொள்ளும். பக்கத்தகட்டைக் கழற்றிப் போட்டு டேபிள் ஃபேனைத் திருப்பிவைக்கும் நம்மூர் வழக்கம் வெப்பத்தைக் குறைக்கத்தான் செய்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் திறந்த பெட்டிக்குள் பல்லி போகும். மலிவுப் பெட்டிகளில் கார்டு மாட்ட உடைத்தெடுக்கும் பின்பக்கத் தகடுகளைத் திரும்ப மூட முடியாது; அந்த ஓட்டை வழியாகவும் பல்லி போகும், கரப்பான் போகும். திருகு போட்டுக் கழற்றி மாட்டும் தகடுகள் உள்ள பெட்டிக்கு நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம்.

தண்ணீர் கூலர் வேண்டுமா என்று கடைக்காரர் நிச்சயம் கேட்பார். 65 வாட் வகை ப்ராசஸருக்கு அது தேவையில்லை. தண்ணீர் கூலரும் கடைசியில் அதே அறைக்காற்றைத்தான் நம்பியிருக்கிறது. காற்று நுழையாத பெட்டியில் 360 மி.மீ. ரேடியேட்டர் வைத்தாலும் வெப்பம் போவதற்கு இடமில்லை. வலைமுகப்புப் பெட்டியும் இரண்டாயிரம் ரூபாய்ச் சுற்றளவில் ஒரு டவர் கூலரும் இருந்தால், மீதிப் பணத்தை எஸ்எம்பிஎஸ் பக்கம் திருப்பிவிடலாம். பின்னாளில் பெரிய ப்ராசஸருக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும், மேலேயோ முன்னாலேயோ 240 மி.மீ. ரேடியேட்டருக்கு இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பெயர் சொல்லிக் கேட்க விரும்புவோருக்குச் சில: டீப்கூல் சிசி560 பெட்டியில் முன்னே மூன்று, பின்னே ஒன்று என நான்கு 120 மி.மீ. ஃபேன்கள் சேர்ந்தே வரும், 163 மி.மீ. கூலரும் 370 மி.மீ. கார்டும் அடங்கும். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுக்குக் கூலர் மாஸ்டர் க்யூ300எல் கச்சிதமானது, ஆனால் பின்னால் ஒரே ஃபேன்தான் உண்டு. முன்னால் இரண்டு வாங்கிப் போடும் செலவையும் சேர்த்தே விலையைப் பார்க்க வேண்டும். கோர்சேர் 4000டி ஏர்ஃப்ளோ அருமையான பெட்டி, ஆயினும் இந்த விலைத்தட்டில் அது சேராது. 1997இல் தொடங்கிய சென்னைக் கம்பெனியான ஜெப்ரானிக்ஸும் ஆன்ட் ஈஸ்போர்ட்ஸும் ஏராளமான மாடல்களை மாற்றி மாற்றி இறக்குகின்றன. அவற்றில் மாடல் பெயரைப் பிடித்துத் தொங்குவதைவிட, முகப்பு, மூன்று அளவுகள், ஃபேன் ஒயர் என்ற வரிசையில் நேரில் பார்த்து எடுப்பதே நல்லது.

விலை பேசும்போது பில்லோடா, பில் இல்லாமலா என்ற கேள்வி வரும். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் வித்தியாசம் கண்ணில் படும்படி இருக்கும். கேபினெட்டில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துப் பில்லை விடுவோர் உண்டு. முன்பக்க யூஎஸ்பி இணைப்பும் பவர் பட்டனும் ஃபேன் ஹப்பும் கெடத்தான் செய்கின்றன. பில் வாங்கிக்கொள்வது சட்டப்படியும் சரி, வாரண்டிக்கும் அதுதான் வழி.

கொண்டுபோவது தனி வேலை. பெட்டி ஐந்தாறு கிலோதான், ஆனால் அட்டையோடு சேர்த்தால் இருசக்கர வாகனத்தில் இருவருக்கு நடுவே அடங்காது. வேலூருக்கோ திருநெல்வேலிக்கோ ஆம்னி பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறவர்கள் தெர்மோகோல் அச்சு இருபுறமும் முழுசாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். கண்ணாடி முகத்தில் விழும் அடியைத் தாங்கும், விளிம்பில் விழுந்தால் தாங்காது. வீட்டில் கழற்றும்போது டைல்ஸ் தரையில் நிறுத்திவைத்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடக்கூடும். போர்வையின்மீது படுக்கவைப்பது பத்திரம்.

வீட்டில் கேபினெட்டை மேசையின் மூடிய அறைக்குள் தள்ளிவிட்டால், தெருவெல்லாம் அலைந்து பார்த்துப் பார்த்து வாங்கிய வலைமுகப்பால் ஒரு பயனுமில்லை. வெளியேறும் சூடான காற்று அந்த அறைக்குள்ளேயே சுற்றி மறுபடி முன்னால் நுழையும். பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு, தரையிலிருந்து உயர்த்தி வைப்பது நல்லது. முன் வலையையும் அடி வடிகட்டியையும் மாதம் ஒருமுறை கழற்றித் தட்ட வேண்டும். உள்ளே ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். கழுவிய வடிகட்டியை முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும், ஈரத்தில் மாட்டினால் அடுத்து வரும் தூசி சேறாகப் படிந்து துளைகளை அடைத்துவிடும்.